பிளக்கில் செருகும் வாட் மீட்டர்: ஒன்பது மாதம் பயன்படுத்திய பிறகு

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை நாள் பென்ஷன்.

எந்தப் பொருளையும் நான் இப்போது இப்படித்தான் கணக்குப் பார்க்கிறேன். மாதப் பென்ஷனை 30ஆல் வகுத்து, இந்தப் பொருள் அதில் எத்தனை நாளைக் கொண்டுபோகும் என்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன். எனக்கு வயது 72. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக 28 வருடம் வேலை பார்த்தேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அரசு தரும் சின்னப் பென்ஷனைத் தவிர வேறு வரும்படி இல்லை. வாடகைக்கு 11 நாள், சாப்பாட்டுக்கு 9 நாள், மருந்துக்கு 4 நாள், கரண்ட் பில்லுக்கு 2 நாள். மீதி 4 நாளில்தான் போன், பஸ், செருப்பு, கண்ணாடி, யார் வீட்டிலாவது நல்லது கெட்டது எல்லாம்.

இரண்டு நாள்தானே, அதற்கு ஏன் ஒரு மீட்டர் என்று கேட்கலாம். இரண்டு வருடம் முன்பு இதே வீட்டில் இதே அளவு கரண்டுக்கு ஒன்றேகால் நாள்தான் ஆனது. யூனிட் ஏறவில்லை, யூனிட் விலைதான் ஏறியது. வாடகையை நான் குறைக்க முடியாது. மருந்தைக் குறைக்கக் கூடாது. சாப்பாட்டில் குறைக்கும் இடத்தையெல்லாம் ஏற்கெனவே குறைத்தாகிவிட்டது. என் கை எட்டுகிற இடம் இது ஒன்றுதான் மிச்சம். அதில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன், உண்மையாகவே. சாயங்காலம் லைட் போடாமல் இருந்தால் பில் குறையும் என்று நம்பி, வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு வெளிச்சம் போகும் வரை படிப்பேன். அந்த லைட் 9 வாட் எல்இடி. நான்கு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்தான் ஆகும் என்பது இந்த மீட்டர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன். உள்ளங்கை அளவு பெட்டி. பின்பக்கம் பிளக், முன்பக்கம் சாக்கெட். சுவர் சாக்கெட்டில் இதைச் செருகி, இதில் நம் கருவியைச் செருக வேண்டும். இந்த நொடியில் எத்தனை வாட் இழுக்கிறது, செருகியதிலிருந்து மொத்தம் எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, மூன்றையும் காட்டும். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில்லில் வரும் யூனிட்டும் அதேதான், அதனால் வேறு கணக்குப் போட வேண்டியதில்லை.

நான் முதலில் வாங்கியது வேறு ஒன்று. இருப்பதிலேயே மலிவானது. அதில் 9 வாட் எல்இடி பல்பைப் போட்டால் 16 என்று காட்டியது. ஆய்வகத்தில் மீட்டர்களோடு வாழ்ந்தவள் என்பதால் எனக்கு உடனே சந்தேகம் வந்தது. வோல்டேஜையும் கரண்டையும் வெறுமனே பெருக்கிக் காட்டும் மீட்டர் அது. எல்இடி, ஃபிரிட்ஜ் மோட்டார் போன்றவற்றில் அந்தப் பெருக்கல் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக வரும். பவர் ஃபேக்டரையும், அதாவது அந்தப் பெருக்கலில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பதையும், சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்தான் சரியான அளவைக் காட்டும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்கினேன். இதில் அதே பல்பு 8.6 காட்டியது. வீட்டில் கிடந்த பழைய 100 வாட் குண்டு பல்பை மாட்டி 10 மணி நேரம் எரியவிட்டேன். 0.97 யூனிட். எனக்கு இது போதும். நீங்கள் எதை வாங்கினாலும் முதல் நாளே ஒரு எல்இடி பல்பைப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டினால் வைத்துக்கொள்ளாதீர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

முதலில் அளந்தது கெட்டிலை. ஒரு நாளைக்கு நான்கு தடவை வெந்நீர் வைப்பேன், ஒவ்வொரு தடவையும் ஒரு தம்ளர்தான் குடிப்பேன். ஆனால் கெட்டிலில் ஒன்றரை லிட்டர் நிரப்பிவிடுவது பழக்கம். கணவர் இருந்தபோது அவருக்கும் சேர்த்து வைத்த அளவு அது. ஒன்றரை லிட்டர் கொதிக்க 0.14 யூனிட். ஒரு தம்ளர், அதாவது 300 மில்லி கொதிக்க 0.03. நான்கு தடவைக்கு ஒரு நாளில் 0.56க்கும் 0.12க்கும் உள்ள வித்தியாசம். ஆறு வருடமாக இரண்டு பேருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒருவர் பங்கை ஆறவிட்டுக் கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கெட்டிலின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நாள் அதில் ஒரு தம்ளர் அளவுக்கு வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் கோடு போட்டேன்.

ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் அளந்து பயனில்லை. மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். முழுதாக 24 மணி நேரமாவது அளக்க வேண்டும், நான் மூன்று நாள் அளந்து சராசரி எடுத்தேன். நாளுக்கு 1.9 யூனிட். மோட்டார் ஓடும்போது 140 வாட் காட்டியது, அப்படியென்றால் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. என் ஃபிரிட்ஜ் பழசுதான், இருந்தாலும் இது அதிகம். பழைய ஆய்வக வழக்கப்படி ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, சுற்றிலும் ஒவ்வொரு இடமாக இழுத்துப் பார்த்தேன். மேலே இறுக்கமாக இருந்தது. கீழ் மூலையில், கீல் பக்கம், காகிதம் தானாகக் கழன்று வந்தது. கதவு ரப்பர் அங்கே பிளந்திருந்தது. சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பார்த்தேன், சரியாகவில்லை. புது ரப்பர் போட அரை நாள் பென்ஷன் ஆனது. கூடவே ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் முன்னால் இழுத்துவைக்கச் சொன்னேன். அடுத்த மூன்று நாள் சராசரி 1.4. மாதம் 15 யூனிட் மிச்சம். என் வீட்டில் வேறு எதிலும் இவ்வளவு மிச்சமாகவில்லை.

டிவி அணைத்திருக்கும்போது அரை வாட்கூடக் காட்டவில்லை. காத்திருப்பு நிலையில் கருவிகள் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதன் பிறகு வந்த டிவிகளில் இது நன்றாகக் குறைந்திருக்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் செட் டாப் பாக்ஸ்தான் ஏமாற்றியது. ரிமோட்டில் அணைத்தாலும் அதே 12 வாட், ஓடினாலும் அதே 12 வாட். சிவப்பு விளக்கு மாறுவது மட்டும்தான் அணைப்பது. இப்போது சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடுகிறேன். போன் சார்ஜரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். போன் மாட்டாத சார்ஜருக்கு மீட்டரில் பூஜ்யம்தான் வந்தது. இரண்டு வாட்டுக்குக் கீழே இந்த மீட்டரை முழுதாக நம்ப முடியாது என்பதும் உண்மை. எப்படியானாலும் அதற்காகக் குனிந்து நிமிர்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாஷிங் மெஷினில் 40 டிகிரிக்குப் பதில் சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய அரை யூனிட் குறைகிறது. துணி சுத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எல்லாம் சேர்த்து மாதம் 118 யூனிட்டிலிருந்து 80க்கு வந்தேன். மூன்றில் ஒரு பங்கு. பில் தொகை அந்த அளவுக்கு இறங்கவில்லை, யூனிட் எதுவானாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் அப்படியே நிற்கிறது. என்றாலும் மாதம் அரை நாள் பென்ஷன் கையில் நின்றது. மூன்றாம் மாதமே மீட்டர் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, நான்காம் மாதம் ரப்பரின் விலையையும்.

இனி குறைகள். எண்கள் பரவாயில்லை, ஆனால் எந்த எண் வாட், எந்த எண் யூனிட் என்று காட்டும் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. வயதானவர்கள்தான் இதை அதிகம் வாங்குவார்கள் என்று செய்பவர்கள் ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். சாக்கெட்டுகள் பெரும்பாலும் அலமாரிக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில். திரையில் வெளிச்சமும் கிடையாது. முட்டி வலி உள்ளவர்கள் தரையில் உட்கார்ந்து எழுவது பெரிய வேலை. நான் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து மீட்டரை மேஜைக்கு மேலே கொண்டுவந்தேன். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போல அதிகம் இழுப்பவற்றுக்கு நல்ல கனமான எக்ஸ்டென்ஷன் வேண்டும். மீட்டரின் பின்னால் எழுதியிருக்கும் வாட் வரம்பைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரம் கழித்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள், பிளக் சூடாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் எண்ணை நினைவில் வைப்பதற்காக. எனக்கு வந்ததில் அது செத்துப்போயிருந்தது. ஃபிரிட்ஜை அளந்த முதல் தடவை இரண்டாம் நாள் கரண்ட் போய், எல்லாம் பூஜ்யமாகி, மறுபடி ஆரம்பித்தேன். அப்புறம், யூனிட் விலையைப் பதிந்தால் பணமாகவும் காட்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஒரே ஒரு விலைதான் பதிய முடியும். யூனிட் கூடக் கூட விலை ஏறும் கட்டண முறை என்றால் அந்தத் தொகை சரியாக இருக்காது. யூனிட்டை மட்டும் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. சுவரில் நேரடியாக வயர் இழுத்து மாட்டியிருக்கும் சீலிங் ஃபேன், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை இதில் அளக்கவே முடியாது. அந்தக் குறை எனக்குப் பெரியதாகவே பட்டது.

ஏழாம் மாதம் யூனிட் விலை மறுபடி ஏறியது. நான் இறக்கிய தொகையில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பென்ஷன் உயர்வு அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் போன வருட விலைவாசியை வைத்து. எங்கேயும் இந்தக் கதை இப்படித்தான் நடக்கிறது, விலை முன்னால் போகும், பென்ஷன் பின்னால் வரும். பிரிட்டனில் 1909இல் முதியோர் பென்ஷன் தொடங்கியபோது 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் விலைகள் இரு மடங்காயின. பென்ஷனை 10 ஷில்லிங்காக்க 1919இல்தான் சட்டம் வந்தது. அந்த இடைப்பட்ட வருடங்களில் எத்தனை பேர் விளக்கை ஏற்றாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளியியல் துறை 62 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென்றே தனியாக ஒரு விலைக் குறியீட்டெண் கணக்கிடுகிறது, நம் போன்றவர்கள் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் மற்றவர்களைவிட அதிகப் பங்கு செலவழிக்கிறோம் என்பதால். ஆனால் அங்கேயும் பென்ஷனை உயர்த்துவது நகரங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களின் செலவை வைத்துப் போடும் குறியீட்டெண்படிதான். இந்த மீட்டர் யூனிட்டைத்தான் குறைக்கும். விலையை அது ஒன்றும் செய்யாது. பென்ஷன் கூட்டிக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டே ஆக வேண்டும், எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் உண்டு.

எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார், வயது 79. அவர் கணவரும் பென்ஷன்காரர்தான், நான் சார் என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு நுரையீரல் நோய். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம். ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த 15 சும்மா வாயில் வந்த எண் இல்லை. 1980, 1981ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகளில், ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த இப்படிப்பட்ட நோயாளிகள் நீண்ட நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. பிரிட்டன் ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 15 மணி நேரம்.

என் பில் குறைந்ததைக் கேட்டு, சார் மீட்டரைக் கேட்டார். அந்த இயந்திரம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மருத்துவக் கருவி என்பதால் அதைக் கொடுத்தவர்களிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் மாட்டினோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். ஓடும்போது 330 வாட். வாரத்துக்கு 21 யூனிட்கூட இல்லை. சாருக்கு நிம்மதி, நினைத்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று. எனக்கு அந்த எண் இடித்தது. நாளுக்கு 15 மணி நேரம் என்றால் 35 யூனிட் அளவுக்கு வந்திருக்க வேண்டும். பட்டனை அழுத்தி, ஓடிய நேரத்தைப் பார்த்தேன். 63 மணி நேரம். ஏழால் வகுத்தால் ஒன்பது.

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அவரே மாட்டிவிட்டுத்தான் படுப்பாராம். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அவர் தூங்கினதும் நான்தாம்மா நிறுத்திடுறது. ராத்திரி பூரா அது ஓடுற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கமே வரலை. காசு ஓடுற சத்தம் மாதிரியே இருக்கு."

சார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, வெகுநேரம் மூடவில்லை.

அன்றைக்கே நான் நோட்டை எடுத்துவந்து மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒன்பது மணி நேரத்தை 15 ஆக்கினால் கூடுதலாக ஆவது நாளுக்கு 2 யூனிட். மாதம் 60. அவர்கள் பென்ஷனில் ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. "இவ்வளவுதானா?" என்றார் அக்கா. பில் மொத்தமாக வருவதால், எல்லாமே இந்த இயந்திரம் தின்பதுதான் என்று நினைத்திருக்கிறார். அந்த 2 யூனிட்டை வேறு எங்கே எடுப்பது என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினோம். பின்அறையில் பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்துப் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மூன்று தண்ணீர் பாட்டில். அளந்தால் நாளுக்கு 1.6. அதை அணைத்தோம். செட் டாப் பாக்ஸ் இங்கேயும் அதே 12 வாட், அதில் 0.2. முழுக்க ஈடாகவில்லை, ஆனாலும் அக்காவின் முகம் தெளிந்தது.

வீட்டில் மருத்துவக் கருவி ஓடினால் கரண்ட் கட்டணத்தில் சலுகையோ திருப்பித் தருவதோ இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். இங்கிலாந்தில் வீட்டு ஆக்சிஜன் இயந்திரத்துக்கு ஆகும் கரண்ட் செலவைத் திருப்பித் தருகிறார்கள், ஆஸ்திரேலியாவின் மாநிலங்களிலும் உயிர்காக்கும் கருவிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இப்படிப்பட்ட சலுகைகள் பெரும்பாலும் கேட்டு, மருத்துவர் கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுத்தால்தான் கிடைக்கும். இத்தனை மணி நேரம், இத்தனை யூனிட் என்று மீட்டரில் பார்த்து எழுதிய தாளை விண்ணப்பத்தோடு வைத்தால் கேட்பதற்கும் ஒரு தைரியம் வரும். சாரும் அப்படித்தான் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு என்றால் நான்கு கொடுப்பேன். எழுத்து சின்னதாக இருப்பதற்கும் செத்த பேட்டரிக்கும் சேர்த்து ஒன்று குறைத்திருக்கிறேன். தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள், ஒரு வீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தால் போதும். எங்கள் தெருவில் இது இதுவரை ஆறு வீடு போய்விட்டு வந்திருக்கிறது.

இப்போது மறுபடி எதிர் வீட்டில் இருக்கிறது. அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துக் காலண்டரில் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அந்த வாரக் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிக் காட்டினார். 109 மணி நேரம்.